அழுத்தம் இருக்கும்வரை கழலாத பிளக்: ஹைட்ராலிக் ஹவுசிங்குக்கான பூட்டு அடைப்பானை வடிவமைக்கும் முறை

ஹைட்ராலிக் வால்வு பிளாக், சிலிண்டர், பம்ப் ஹவுசிங் ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும், உள்ளே துளையிட்டுக் குடைவதற்காக வெளியிலிருந்து திறந்த ஒரு வாயை இறுதியில் அடைத்தாக வேண்டும். மீண்டும் திறக்கும் தேவையே வராத இடத்தில் அடித்து இறுக்கும் நிரந்தரப் பிளக் போதுமானது. உள்ளே உள்ள ஸ்பூல், ஸ்பிரிங், சீல் ஆகியவற்றைப் பராமரிப்பின்போது வெளியே எடுக்க வேண்டியிருந்தால் கழற்றக்கூடிய பிளக் தேவைப்படுகிறது. மரை வெட்டிய பிளக்கே இதற்கு முதலில் நினைவுக்கு வரும். ஆனால் விட்டம் பெரிதாகும்போது மரை வெட்டுவதும் முறுக்கி இறுக்குவதும் கடினமாகின்றன. அதிர்வில் மரை தளரும் வாய்ப்பும் உண்டு. வழுவழுப்பான துளையில் பிளக்கைச் செருகி, துளைச்சுவரில் வெட்டிய காடியில் (சுற்றுப் பள்ளத்தில்) ஒரு வளையத்தை அமர்த்திப் பூட்டுவது இதற்கு நல்ல மாற்று.

இந்த வடிவமைப்பில் எதை விட்டுக்கொடுத்தாலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை பூட்டு திறக்கவே கூடாது. அழுத்தம் கூடக்கூட அது மேலும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். கழற்றுபவரின் கவனத்தை நம்பி இதை விடாமல், பாகங்களின் வடிவமே இதைச் செய்யும்படி அமைக்க முடியும். 25 மி.மீ. சீல் விட்டமும் (கசிவைத் தடுக்கும் சீல் அமரும் துளையின் விட்டம்) 250 பார் வேலை அழுத்தமும் கொண்ட ஒரு பிளக்கை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, அதற்கான வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: விசையைக் கணக்கிடுதல்

படம் வரையத் தொடங்குமுன் பிளக்கை வெளியே தள்ளும் விசை எவ்வளவு என்று தெரிய வேண்டும். அழுத்தத்தைச் சீல் விட்டத்தின் பரப்பளவால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். 10 பார் என்பது 1 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு 1 நியூட்டன். 25 மி.மீ. விட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 491 சதுர மி.மீ. ஆகவே 250 பாரில் கிடைக்கும் விசை சுமார் 12,270 நியூட்டன். அதாவது உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தப் பிளக்கின் மீது ஒன்றேகால் டன் எடை உட்கார்ந்திருக்கிறது. வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில், அதாவது 375 பாரில், சோதிப்பதாக வைத்துக்கொண்டால் விசை 18,400 நியூட்டனாக உயரும். இனி வரும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இவ்விரு எண்களே அடிப்படை.

வேலை அழுத்தம் என்று, அழுத்தம் மிகாமல் திறந்துவிடும் ரிலீஃப் வால்வின் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வால்வு சட்டென்று மூடும்போது எழும் அதிர்வழுத்தம், கணப்பொழுதேனும், அந்த அளவைத் தாண்டிவிடும். அளவிடக் கருவி இருந்தால் அந்த உச்சத்தை அளந்து, அதையே வேலை அழுத்தமாகக் கொள்வது சரி.

இரண்டாம் படி: பூட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் பெரும்பாலும் கடையில் கிடைக்கும் சர்க்கிளிப் என்ற மெல்லிய ஸ்பிரிங் வளையத்தைத்தான் முதலில் நாடுவார்கள். டின் 472 என்ற ஜெர்மன் தரநிலைப்படி 25 மி.மீ. துளைக்கான உள் சர்க்கிளிப்பின் காடி விட்டம் 26.2 மி.மீ. காடியின் ஆழம் வெறும் 0.6 மி.மீ. என்பதால், விசையைத் தாங்கும் காடிச்சுவரின் பரப்பு சுமார் 48 சதுர மி.மீ. மட்டுமே. 12,270 நியூட்டனை அதன் மேல் வைத்தால் ஒரு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டனுக்கும் மேல் வரும். சோதனை அழுத்தத்தில் 380ஐத் தாண்டும். ஹவுசிங் சாதாரணக் கோள வார்ப்பிரும்பாக இருந்தால் அதன் இளகு வலிமையே (உலோகம் நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கும் அளவு) 250 மெகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். காடியின் விளிம்பு நசுங்கி, சர்க்கிளிப் கிண்ணம் போல் வளைந்து வெளியே நழுவும். அதைவிடப் பெரிய குறை, இடுக்கியை வைத்து அழுத்தினால் அழுத்தம் இருக்கும்போதும் சர்க்கிளிப் கழன்றுவிடக்கூடும் என்பதுதான்.

ஆகவே காடியை ஆழமாக்கி, தடித்த சதுர வெட்டுமுகம் கொண்ட வளையத்தைப் பயன்படுத்துவோம். காடி விட்டம் 30 மி.மீ., காடி வெட்டப்படும் துளையின் விட்டம் 27 மி.மீ., வளையம் 3 மி.மீ. அகலமும் 3 மி.மீ. தடிமனும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். வளையத்தின் உள்விட்டம் அப்போது 24 மி.மீ.; தடிமனில் பாதி காடிக்குள்ளும் பாதி துளைக்குள் நீட்டிக்கொண்டும் நிற்கும்.

இந்த வளையத்தை ஒரே துண்டாகச் செய்து, ஓரிடத்தில் வெட்டி, சுருக்கிச் செருகலாமே என்று தோன்றும். 30 மி.மீ. வளையம் 27 மி.மீ. துளைக்குள் நுழைய விட்டத்தில் 3 மி.மீ. சுருங்க வேண்டும். 3 மி.மீ. தடிமனுள்ள வளையத்தை அவ்வளவு வளைத்தால் அதன் மேற்பரப்பில் எழும் தகைவு (ஒரு சதுர மி.மீ.க்கு வரும் விசை), கணக்குப்படி, 2,800 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. எந்த ஸ்பிரிங் உருக்கும் அதைத் தாங்காது; வளையம் நிரந்தரமாகக் கோணிவிடும் அல்லது முறியும். எனவே வளையத்தை முழுதாகக் கடைந்தெடுத்தபின் நான்கு துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். அவற்றில் மூன்று துண்டுகள் காடியில் ஒன்றையடுத்து ஒன்றாக அமரும். கடைசியாக நுழையும் நான்காம் துண்டின் இரு முனைகளும் ஆரத்தின் திசையில் சரிந்து வெட்டப்படாமல் ஒன்றுக்கொன்று இணையாக வெட்டப்பட வேண்டும். இல்லையென்றால் அதன் வெளிப்புறம் உட்புறத்தைவிட அகலமாக இருந்து, எஞ்சிய இடைவெளிக்குள் நுழையவே நுழையாது. இந்தச் சாவித்துண்டின் அகலத்தை 16 மி.மீ. என வைத்தால் மற்ற மூன்றும் வெளி விளிம்பில் ஏறத்தாழ 98 பாகை வீதம் வரும். அவற்றின் நேர்நீளம் சுமார் 23 மி.மீ. என்பதால் 27 மி.மீ. துளைக்குள் படுக்கைவாட்டிலேயே இறங்கும்.

மூன்றாம் படி: அழுத்தமே பூட்டைக் காக்கும்படி பிளக்கை வடிவமைத்தல்

பிளக்கின் உள்முனையிலிருந்து தொடங்குவோம். முதலில் 25 மி.மீ. விட்டமுள்ள உடல், அதில் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அமரும் காடி. அதற்கு வெளிப்புறமாக 26.9 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. தடிமனும் கொண்ட தோள். தோளுக்கு அப்பால் 23.9 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. நீளமும் கொண்ட ஒரு குமிழ். பூட்டின் உயிர் இந்தக் குமிழில்தான் இருக்கிறது. எண்ணெய் பிளக்கை வெளியே தள்ளும்போது தோள் வளையத்துண்டுகளைக் காடியின் வெளிச்சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அதே நேரம் குமிழ் வளையத்தின் 24 மி.மீ. உள்விட்டத்துக்குள் நிறைந்து நின்று, எந்தத் துண்டும் உள்நோக்கிச் சரியாமல் தடுக்கிறது. துண்டுகளைக் கழற்ற வேண்டுமென்றால் பிளக்கை முதலில் 4 மி.மீ.க்கும் சற்றுக் கூடுதலாக, சுமார் 4.5 மி.மீ., உள்ளே தள்ளியாக வேண்டும்.

இங்கேதான் வடிவமே பாதுகாப்பாகிறது. உள்ளே 5 பார் அழுத்தம் எஞ்சியிருந்தாலும் பிளக் 245 நியூட்டன் விசையுடன், அதாவது சுமார் 25 கிலோ எடையுடன், கையை எதிர்த்துத் தள்ளும். 20 பார் இருந்தால் அது 100 கிலோவாகும். பிளக் உள்ளே போக மறுக்கிறதென்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்றே பொருள் கொள்ள வேண்டும்; சுத்தியலைக் கையில் எடுக்கக் கூடாது.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பிளக் 4.5 மி.மீ. உள்ளே செல்லும்போது சுமார் 2.2 கன செ.மீ. எண்ணெயை இடம்பெயர்க்கிறது. அந்த எண்ணெய் போக வழியில்லாமல், 100 கன செ.மீ. கொள்ளளவுள்ள மூடிய அறைக்குள் நெருக்கப்பட்டால், எண்ணெயின் அமுங்காத் தன்மையால் உள்ளே 300 பாருக்கும் மேல் அழுத்தம் உருவாகும். அதாவது அழுத்தமே இல்லாத ஹவுசிங்கிலும் பிளக் அசையாது. ஆகவே அந்த அறைக்குத் தனியாக ஒரு பிளீட் ஸ்குரூவோ வடிகால் துளையோ கட்டாயம் வைக்க வேண்டும். அழுத்தத்தை இறக்கவும், இடம்பெயரும் எண்ணெயை வெளியேற்றவும் அதே வாய் பயன்படும்.

நான்காம் படி: துளையைப் படிநிலையாக அமைத்தல்

சீல் துளை 25 மி.மீ. என்றும் வளையத் துளை 27 மி.மீ. என்றும் தனித்தனியே வைத்ததற்குக் காரணம் உண்டு. விசையைத் தாங்கும் காடிச்சுவரின் விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் பரப்பு வீணாகாது. ஓ-ரிங்கோ கூர்மையான விளிம்பைக் கடந்தால் அறுபடும். இரண்டும் ஒரே விட்டத்தில் இருந்தால் ஓ-ரிங் காடியின் மேல் உரசித்தான் உள்ளே போக முடியும். நாம் பயன்படுத்தப்போகும் ஓ-ரிங் பிளக்கில் மாட்டிய நிலையில் வெளிவிட்டம் சுமார் 26.3 மி.மீ. இருக்கும் என்பதால், 27 மி.மீ. துளையையும் காடியையும் தொடாமலே கடந்து செல்லும். அதன்பின் 27 மி.மீ.இலிருந்து 25 மி.மீ.க்கு 15 முதல் 20 பாகைச் சரிவில் இறங்கும் சாம்ஃபர் அதை மெல்லச் சுருக்கி உள்ளே வழிநடத்தும். சாம்ஃபர் முடிந்து சீல் துளை தொடங்கும் விளிம்பைக் கூர்மை போக மழுக்கி, பிசிறு சிறிதும் இல்லாமல் நீக்கிவிட வேண்டும். விரல் நகத்தை அந்த விளிம்பில் ஓட்டிப் பார்த்தால், தடுக்கும் இடத்தில் ஓ-ரிங்கும் அறுபடும்.

27 மி.மீ. துளையின் நீளத்தில் தோளின் தடிமன் 6 மி.மீ., அது உள்ளே நகர வேண்டிய 4.5 மி.மீ. ஆகிய இரண்டும் அடங்க வேண்டும். எனவே காடிக்கு உட்புறமாக 11 மி.மீ. விட்டால் சரியாக இருக்கும். அதற்கு மேல் தள்ளினால் தோள் சாம்ஃபரில் முட்டி நின்றுவிடுவதால் பிளக் உள்ளே தொலைந்து போகாது. சீல் துளையின் நீளமும் அதே அளவு கூடுதலாக இருக்க வேண்டும். ஓ-ரிங் நகரும் பாதையில் குறுக்கே எந்த எண்ணெய்த் துளையும் திறக்கக் கூடாது.

காடியின் வெளிச்சுவருக்கும் ஹவுசிங்கின் முகத்துக்கும் இடையே எவ்வளவு உலோகம் விட வேண்டும் என்பதற்குக் காடி ஆழத்தைப் போல் குறைந்தது மூன்று மடங்கு என்ற பழக்க விதி உண்டு. காடி ஆழம் 1.5 மி.மீ. என்பதால் 4.5 மி.மீ. போதும், 5 மி.மீ. வைப்போம். 30 மி.மீ. விட்டத்தில் 5 மி.மீ. நீளத்துக்கான வெட்டுப் பரப்பு 471 சதுர மி.மீ. என்பதால் சோதனை விசையிலும் தகைவு 40 மெகாபாஸ்கலைத் தொடாது.

ஐந்தாம் படி: உண்மையான தாங்கு பரப்பைக் கணக்கிடுதல்

புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம். காகிதத்தில் 30 மி.மீ.க்கும் 27 மி.மீ.க்கும் இடைப்பட்ட பரப்பு 134 சதுர மி.மீ. ஆனால் காடியின் அடிமூலை கூர்மையாக இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும் என்பதால் சுமார் 0.2 மி.மீ. வளைவு விட வேண்டும். அந்த வளைவில் ஏறி உட்காராதிருக்க வளையத்தின் வெளி விளிம்பில் 0.3 மி.மீ. சரிவு வெட்ட வேண்டும். காடி வாயின் விளிம்பிலும் 0.1 மி.மீ. மழுங்கும். துண்டுகளாக வெட்டும்போது ரம்பம் கொஞ்சம் தின்றுவிடும். இவற்றையெல்லாம் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 95 சதுர மி.மீ. மட்டுமே. வேலை அழுத்தத்தில் தகைவு 129 மெகாபாஸ்கல், சோதனை அழுத்தத்தில் 194 மெகாபாஸ்கல். இளகு வலிமை 250 உள்ள கோள வார்ப்பிரும்புக்கு இது ஏற்கத்தக்கது. 134 என்ற எண்ணை நம்பியிருந்தால் உண்மையில் இல்லாத பாதுகாப்பை இருப்பதாக எண்ணியிருப்போம். ஹவுசிங் இதைவிட மென்மையான அலுமினியக் கலவையாக இருந்தால் காடியை மேலும் ஆழப்படுத்தி, வளையத்தையும் அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும்.

பிளக்கின் தோள் வளையத்தைத் தொடும் பரப்பையும் இதேபோல் சரிபார்க்க வேண்டும். குமிழின் அடியில் 0.4 மி.மீ. வளைவும், அதற்கு இடம் கொடுக்க வளையத்தின் உள்விளிம்பில் 0.5 மி.மீ. சரிவும் விட்டபின் சுமார் 70 சதுர மி.மீ.தான் மிஞ்சும். சோதனை அழுத்தத்தில் அங்கே 260 மெகாபாஸ்கலுக்கு மேல் வருவதால், பிளக்கையும் வளையத்தையும் சாதாரண மென்னுருக்கில் செய்யக் கூடாது. கடினப்படுத்திப் பதப்படுத்திய உருக்கே வேண்டும்.

ஆறாம் படி: சீல்

25 மி.மீ. துளைக்கு 18.64 மி.மீ. உள்விட்டமும் 3.53 மி.மீ. குறுக்குவிட்டமும் கொண்ட நிலையான அளவு ஓ-ரிங் பொருந்தும். பிளக்கில் காடியின் அடிவிட்டம் 19.4 மி.மீ. என்றால் ஓ-ரிங் 4 விழுக்காடு நீளும். 5 விழுக்காட்டைத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. அடிவிட்டத்துக்கும் துளைக்கும் இடையே 2.8 மி.மீ. இருப்பதால் அமுக்கம் சுமார் 20 விழுக்காடு. அசையாத சீலுக்கு இது சரியான அளவு. காடி அகலம் 4.8 மி.மீ. என்றால் காடியில் ரப்பர் நிரப்பும் பங்கு 73 விழுக்காடு. சூட்டிலும் எண்ணெயிலும் ரப்பர் உப்பும் என்பதால் இந்தப் பங்கு 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது.

25 மி.மீ.க்கு எச்8/எஃப்7 என்ற தரப்படுத்திய துளை-தண்டுப் பொருத்தத்தில் அதிகபட்ச விட்ட இடைவெளி 0.074 மி.மீ. பிளக் ஒரு பக்கமாக ஒதுங்கினால் அந்த இடைவெளி முழுவதும் மறுபக்கத்தில் சேரும். 250 பார் அழுத்தம் 70 ஷோர் கடினத்தன்மையுள்ள ரப்பரை அதற்குள் பிதுக்கிக் கடித்துவிடும். 90 ஷோர் ரப்பரைப் பயன்படுத்துவதோடு, அழுத்தம் இல்லாத பக்கத்தில், அதாவது தோளை ஒட்டிய பக்கத்தில், ரப்பர் பிதுங்காமல் தடுக்கும் டெஃப்லான் பேக்-அப் ரிங் ஒன்றையும் வைக்க வேண்டும். அதன் தடிமனுக்கு ஏற்பக் காடியை அகலப்படுத்த மறக்கக் கூடாது.

கனிம எண்ணெய்க்கு, சுமார் 100 பாகை செல்சியஸ் வரை, நைட்ரைல் ரப்பர் போதும். அதற்கு மேல் ஃப்ளோரோ ரப்பர். பாஸ்பேட் எஸ்டர் வகைத் திரவத்தில் நைட்ரைல் கெட்டுவிடும், அங்கே ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் வேண்டும்; அதே ஈபிடிஎம் கனிம எண்ணெயில் ஊறி உப்பிவிடும். எனவே திரவம் எது என்று தெரியாமல் சீலைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. சீல் துளையின் மேற்பரப்புச் சொரசொரப்பு 1.6 மைக்ரோமீட்டருக்குள் இருக்கட்டும். நீளவாக்கில் ஓடும் ஒரு கீறல் இருந்தால்கூடக் கசியும்.

ஏழாம் படி: அழுத்தம் இல்லாதபோது பிளக்கை நிறுத்தி வைத்தல்

அழுத்தம் இருக்கும்போது பூட்டு தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. இயந்திரம் நின்றிருக்கும்போது அதிர்வாலோ உள்ளே வெற்றிடம் ஏற்படுவதாலோ பிளக் உள்ளே நகர்ந்தால் துண்டுகள் விடுபட்டுவிடும். அதைத் தடுக்க, ஹவுசிங் முகத்தின் மேல் அமரும் 36 மி.மீ. விட்டமுள்ள ஒரு தட்டையும், அதன் வழியே குமிழின் நடுவில் இறங்கும் எம்8 ஸ்குரூவையும் வைக்க வேண்டும். ஸ்குரூ பிளக்கை வெளிநோக்கி இழுத்து வளையத்தோடு ஒட்ட வைக்கும். எண்ணெயின் விசை எதையும் இது சுமப்பதில்லை. ஆகவே லேசாக இறுக்கினால் போதும். மரைத்துளை எண்ணெய்ப் பக்கம் ஊடுருவாமல் முட்டுத்துளையாக இருக்க வேண்டும். தட்டின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு விட்டுவிட்டால், சீல் கசியும்போது எண்ணெய் தட்டுக்குப் பின்னால் தேங்காமல் வெளியே தெரியும்.

எட்டாம் படி: பொருத்துதலும் சோதித்தலும்

ஓ-ரிங்கையும் சாம்ஃபரையும் அமைப்பில் பயன்படும் அதே எண்ணெயால் நனைத்து, பிளீட் ஸ்குரூவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிளக்கை அலுமினியத் தண்டால் நேராக அழுத்தி, தோள் முட்டும்வரை இறக்க வேண்டும். மூன்று துண்டுகளைச் சிறிதளவு கிரீஸ் தடவிக் காடியில் ஒட்ட வைத்து, கடைசியாகச் சாவித்துண்டை நேராகத் தள்ளி அமர்த்த வேண்டும். பிறகு எம்8 ஸ்குரூவைக் கையால் பிடித்துப் பிளக்கை வெளியே இழுக்க வேண்டும். ஏதேனும் ஒரு துண்டு முழுதாகக் காடிக்குள் போகாமல் துருத்திக்கொண்டிருந்தால் குமிழ் வளையத்துக்குள் நுழையாது. எனவே அரைகுறையாகப் பொருத்தியதை இந்த அமைப்பு தானே காட்டிக்கொடுக்கும். சரியாக அமர்ந்த பிளக்கில் குமிழின் முகம் ஹவுசிங் முகத்துக்கு 4 மி.மீ. கீழே இருக்கும், டெப்த் கேஜ் வைத்து அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு துண்டே விடுபட்டிருந்தால் இந்த அளவு அதைக் காட்டாது. தட்டை மூடுமுன் நான்கு துண்டுகளும் இருப்பதைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

சோதனையை எண்ணெயால் மட்டுமே செய்ய வேண்டும், காற்றால் ஒருபோதும் செய்யக் கூடாது. அமுங்கிய காற்று சேமித்து வைக்கும் ஆற்றல் மிகப் பெரியது. பூட்டு தோற்றால் பிளக் குண்டாகப் பாயும். உள்ளே தங்கிய காற்றையும் பிளீட் வழியாக வெளியேற்றிவிட்டு, பிளக்குக்கு நேரெதிரே யாரும் நிற்காதபடி, அழுத்தத்தைப் படிப்படியாக 375 பாருக்கு ஏற்றிச் சில நிமிடங்கள் நிறுத்த வேண்டும். இறக்கியபின் எம்8 ஸ்குரூவால் பிளக்கை மீண்டும் வெளிநோக்கி இழுத்து வைத்து டெப்த் கேஜால் அளந்தால் அதே 4 மி.மீ. வர வேண்டும். குறைந்திருந்தால் காடி விளிம்போ தோளோ நசுங்கியிருக்கிறது. அந்த ஹவுசிங்கைப் பயன்பாட்டுக்கு அனுப்பக் கூடாது. கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். மேலே சிறு புள்ளி மட்டுமே தெரிந்தாலும் அது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். அட்டைத்துண்டு ஒன்றை நீட்டிப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் படி: கழற்றும் வரிசையை எழுதி வைத்தல்

பம்பை நிறுத்துவது மட்டும் போதாது. அக்குமுலேட்டர் (அழுத்தத்துடன் எண்ணெயைச் சேமிக்கும் கலம்) இருந்தால் அதை வெறுமையாக்கி, பிளீட் ஸ்குரூவைத் திறந்து, எண்ணெய் வடிவது நின்றபின்தான் தட்டைக் கழற்ற வேண்டும். பிளக்கைக் கையால் உள்ளே தள்ளி, சாவித்துண்டை முதலில் எடுத்து, மற்ற மூன்றையும் அதன்பின் எடுக்க வேண்டும். எம்8 மரையில் நீளமான ஸ்குரூவை மாட்டிப் பிளக்கை இழுத்தால் வந்துவிடும். இழுக்கும்போது ஓ-ரிங் சீல் துளையை விட்டு வெளியேறிய பிறகும் தோள் 27 மி.மீ. துளைக்குள்ளேயே இருக்கும்படி நீளங்களை அமைத்திருந்தால், தவறிப்போய்ச் சிறிது அழுத்தம் எஞ்சியிருந்தாலும் அது எண்ணெயாகக் கசிந்து அடங்கிவிடும். தோள் காடியின் வெளி விளிம்பைக் கடக்கும்முன் ஓ-ரிங் சாம்ஃபரில் வந்துவிடுகிறதா என்பதைப் படத்திலேயே அளந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் சீல் துளையில் ஓ-ரிங் அமரும் இடத்தைச் சாம்ஃபருக்கு அருகே கொண்டுவர வேண்டும்.

வெளியே எடுத்த ஓ-ரிங்கையும் பேக்-அப் ரிங்கையும் மீண்டும் பயன்படுத்தாமல் புதிதாகவே போட வேண்டும். நான்கு துண்டுகளையும் ஒரே வளையத்திலிருந்து வெட்டியவை என்பதால் ஒரே பையில் வைத்து, அந்த ஹவுசிங்கின் எண்ணையும் அதில் எழுதி வைக்க வேண்டும். வேறொரு வளையத்தின் சாவித்துண்டு இதில் நுழையாமல் போகலாம், அல்லது தளர்வாக நுழைந்து தாங்கு பரப்பைக் குறைத்துவிடலாம்.